வெளுத்த பாசி

அத்தியாயம் ஆறு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு லைட்ஹவுஸ் குப்பத்துச் சமுதாயக் கூடத்தில், மகளிர் குழுவின் மீன் தொட்டியில் தண்ணீர் வெள்ளையாக இருந்தது. எட்டு முப்பத்தைந்துக்கு, அதற்குக் காரணம் என் மருமகள் கலைவாணி என்று ஊர் முடிவு செய்துவிட்டது. எங்கள் குப்பத்தில் தீர்ப்பு எப்போதும் விசாரணைக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்துவிடும்.

எளாவூர் சோதனைச் சாவடியில் முப்பத்தொரு வருடம் நின்றவன் நான். தார்ப்பாயின் முடிச்சைப் பார்த்தே லாரிக்குள் இருப்பது உளுந்தா, உளுந்து என்று எழுதப்பட்ட வேறொன்றா என்று சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு குப்பத்தில் காணாமல் போன நங்கூரம் முதல் படகு எஞ்சின் வரை பதினேழு பொருள்களைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்தத் துளசிங்கத்தின் வீட்டு வாசலுக்கே ஒரு குற்றம் வந்து நின்றது அன்றுதான் முதல் தடவை.

கூடத்துக்குள் நுழைந்தேன். என் பின்னால் ஜமுனா வந்தாள். என் மனைவியின் தங்கை. கருவாட்டு வியாபாரம் செய்கிறாள். துப்பறியும் வேலையில் அவளைச் சேர்த்துக்கொள்ள இரண்டு காரணங்கள்: அவளிடம் டிவிஎஸ் மொபெட் இருக்கிறது, கூர்மையான மூக்கு இருக்கிறது. அவளுக்கு வாயும் இருக்கிறது. அதை நான் கேட்டு வாங்கவில்லை.

"துளசிண்ணே, கோவிச்சுக்காத" என்று ஆரம்பித்தான் ஊர்ப் பஞ்சாயத்தை நடத்தும் நாட்டார் பூபதி. "தொட்டி பக்கத்துல காலி பால் கவர் கெடந்துச்சு. உம் மருமவ நேத்து கடையில ரெண்டு பாக்கெட்டு எச்சா வாங்கியிருக்கா. போன மாசம் குழுத் தலைவி பதவி அவகிட்டேருந்து எம் பொண்டாட்டிகிட்ட வந்துச்சு. மூணையும் கூட்டிப் பாரு. இன்னா வருது?"

"ஒரு டம்ளர் காபி வருது" என்றாள் ஜமுனா.

பூபதி அவளைப் பார்க்கவில்லை. "நாலு மணிக்கு ஊர் கூடும். பொது சொத்துல பால ஊத்தி மீன சாவடிச்சதுனு ஆச்சுனா, தலைக்கட்டுப் பட்டியல்லேருந்து உங்க வீட்டுப் பேர அடிக்கறதத் தவிர எனக்கு வேற வழி இல்லண்ணே."

தலைக்கட்டுப் பட்டியலில் பெயர் இல்லாத வீட்டுக்கு ஏரியில் பாடு கிடையாது. பழவேற்காடு ஏரியில் எந்த வீடு எந்த நாள் எந்த இடத்தில் வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை பிரித்துக்கொள்வதுதான் பாடு. கடலுக்குப் போயிருந்த என் மகன் லோகேஷ் செவ்வாய்க்கிழமை கரைக்கு வரும்போது, நான்கு தலைமுறையாக எங்களுடையதாக இருந்த தண்ணீர் எங்களுடையதாக இருக்காது. காரணம் இரண்டு பாக்கெட் பால்.

கலைவாணி சுவரோரம் நின்றாள்.

"நீ ஊற்றினாயா?"

"இல்ல மாமா."

"அந்தக் கவர் யாருடையது?"

அவள் தரையைப் பார்த்தாள். சோதனைச் சாவடியில் இப்படித் தரையைப் பார்த்த டிரைவர்கள் யாரும் உளுந்து ஏற்றி வந்ததில்லை.

"கூடுதல் பால் நேற்று காட்டூரில் என் பங்காளியின் கருமாதிக்கு வாங்கியது. அந்தக் காபியை நானே குடித்தேன்" என்றேன்.

"நீங்க குடிச்சீங்கனு நீங்களே சாட்சி சொன்னா எப்படிண்ணே" என்றான் பூபதி. அதில் நியாயம் இருந்ததால் நான் தொட்டிப் பக்கம் திரும்பினேன்.

ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே நாற்பத்து மூன்று கோமாளி மீன்கள், விற்பனைக்கு வளர்ப்பவை. மூன்று செத்துவிட்டன. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அதற்கு நேர் கீழே, தாங்கியின் அடியில், தரையை ஒட்டி ஒரு சிறிய தொட்டி. அதில் பாசி வளர்கிறது. மேலே உள்ள அழுக்குத் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கும். பாசி அழுக்கைத் தின்றுவிடும். சுத்தமான தண்ணீர் மோட்டாரில் மேலே ஏறும். மேல் விளக்கு அணைந்த பிறகு கீழ் விளக்கு தானாக எரியும். மீன்கள் தூங்கும்போது பாசி வேலை செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு.

"நைட் டூட்டி பாக்கறவன் மேலதான் எப்பவும் பழி வரும்" என்று சொல்லிக்கொண்டே ஜமுனா மேல் தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். பூபதி முகம் சுளித்தான்.

"பால் இல்ல மாமா. ராத்திரி ஊத்தின பால் இந்தப் புழுக்கத்துல இந்நேரம் திரிஞ்சிருக்கணும். எனக்குப் பொழப்பே நாத்தத்துல. இது பால் நாத்தம் இல்ல, பாசி நாத்தம். வெள்ளையா இருக்கே தவிர, உள்ளுக்குள்ள பச்சை ஓடுது பாருங்க."

என் வெள்ளைக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்தேன். அவள் சொன்னது சரி. பால் போல வெளுத்திருந்த தண்ணீர் துணியில் இளம்பச்சையாகப் படிந்தது.

பிறகு பால் கவரை எடுத்தேன்.

"ஜமுனா, பால் ஊற்ற வேண்டும் என்றால் கவரை எப்படி வெட்டுவாய்?"

"மூலையில ஒரு கிள்ளு."

"இதைப் பார்."

கவரின் மேல்பக்கம் முழுவதும் கத்தரியால் நேராக வெட்டப்பட்டிருந்தது. உள்ளே நன்றாகக் கழுவப்பட்டிருந்தது.

"இப்படி வெட்டினா பாதி பால் முழங்கையில ஊத்திக்கும்" என்றாள் ஜமுனா.

"அதாவது, இது வெளியே ஊற்றுவதற்காக வெட்டியது இல்லை. உள்ளே எதையோ போடுவதற்காக வெட்டியது."

பூபதி கவரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கலைவாணியின் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் இன்னும் அதிகமாகப் பயந்தாள். அதை மனதில் குறித்துக்கொண்டேன். சரியான பக்கத்தில் குறிக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

"இனி கீழ்த்தொட்டி" என்றேன்.

கீழ்த்தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றால் முழங்கால் போட்டுத் தலையைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். நான் குனிவதில்லை. சாவடியில் லாரிக்கு அடியில் பார்ப்பதற்குக்கூடக் கம்பில் கட்டிய கண்ணாடிதான் வைத்திருந்தேன்.

"நீங்க நில்லுங்க மாமா. நீங்க குனிஞ்சா குடும்ப கௌரவம் கீழ கொட்டிடும்" என்று ஜமுனா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வயிற்றின் மேல் படுத்தாள். பிறகு, "மாமா, இங்க எல்லாம் பேயா இருக்கு" என்றாள்.

கையில் அள்ளி வந்து காட்டினாள். கொத்துக் கொத்தாகப் பச்சைத் திராட்சை போல இருக்க வேண்டிய பாசி. குலை இருந்தது, காய் இருந்தது, நிறம் மட்டும் இல்லை. நனைந்த கண்ணாடித் தாள் போல ஒவ்வொன்றுக்குள்ளும் வெளிச்சம் புகுந்து வெளியே வந்தது.

"டிபன் டப்பாவில் போடு. எல்லாவற்றையும் போட்டோ எடு. அந்தப் பலகையையும் விடாதே."

தொட்டிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு கரும்பலகை. பாசியைப் பராமரிப்பதையும் எட்டு வீடுகள் பாடு முறையில்தான், வீட்டுக்கு ஒரு மாதம் என்று, பிரித்துக்கொண்டிருந்தன. சீட்டுக் குலுக்கும்போது வீட்டுக்கு ஓர் அடையாளம் இருக்கும்: நண்டு, துடுப்பு, சங்கு, இப்படி. பலகையில் அந்த அடையாளங்களை வரைந்து, வாராவாரம் வியாழக்கிழமை பாசியை வெட்டி முடித்ததும் எதிரே ஒரு கோடு போடுவார்கள். கடைசி இரண்டு வாரத்துக்குக் கோடு இல்லாதது எனக்குத் தெரிந்தது. அடையாளம் என்ன என்பது தெரியவில்லை. பொது இடத்தில் நான் மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொள்வதில்லை.

ஜமுனா போட்டோவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. அவள் எதுவும் சொல்லாதது அபூர்வம் என்பதை அப்போது நான் கவனித்திருக்க வேண்டும்.

பாலம் தாண்டிப் பழவேற்காடு ஊருக்குள், டச்சுக் கல்லறைக்குப் பின் தெருவில் முஹ்சினின் வண்ணமீன் கடை. குழுவுக்குத் தொட்டி அமைத்துக் கொடுத்தவனும், மீனை வாங்கிக்கொள்பவனும் அவன்தான். மொபெட்டின் பின்னால் நான் குடை பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்து போனதைப் பார்த்து, எதிரே வந்த பேருந்தின் கண்டக்டர் வணக்கம் வைத்தார். பதில் வணக்கம் செய்தேன்.

"சாமி ஊர்வலம்னு நெனச்சிருப்பான்" என்றாள் ஜமுனா.

முஹ்சின் டப்பாவைத் திறந்தான். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தான். பிறகு, மனிதர் யாராவது இறந்தால் சொல்லும் பிரார்த்தனையை மெல்ல முணுமுணுத்தான்.

"எத்தனை மீன் போச்சு பெரியவரே?"

"மூன்று. யார் ஊற்றியது, என்ன ஊற்றியது என்று சொல்."

"யாரும் ஊத்தலயே. பாசியே பண்ணிக்கிச்சு." டப்பாவை வெளிச்சத்தில் பிடித்தான். "இந்தத் திராட்சைப் பாசி இருக்கே, ரொம்ப ரோஷம் புடிச்சது. வாரா வாரம் மூணுல ஒரு பங்கு வெட்டி எடுத்துடணும். வெட்டாம விட்டா பொட்டி முழுக்க அடைச்சிக்கும், அதுக்குத் தீனி பத்தாது. அப்போ, நான் போனாலும் போறேன், என் வம்சம் நிக்கட்டும்னு, ஒரே ராத்திரியில உள்ள இருக்கற மொத்தத்தையும் வித்தா தண்ணியில விட்டுட்டு வெறுந்தோலா நிக்கும். அந்த வித்துதான் தண்ணி வெள்ளையானது. அதுல காத்து கொறஞ்சுபோய் மீனுக்கு மூச்சு முட்டிச்சு."

"வம்சத்துக்காக உள்ள இருக்கறதையெல்லாம் கொட்டிட்டு வெறைப்பா நிக்குதா" என்றாள் ஜமுனா. "மாமா, இது உங்க பக்கத்துச் சொந்தம்."

நான் அதைக் கேட்கவில்லை.

"சிக்குப் பிடிச்ச தலைமுடி மாதிரி இன்னொரு பாசி இருக்கு. சீட்டோனு சொல்லுவோம். அது இந்த வேலை பண்ணாது. அதத்தான் வெக்கச் சொன்னேன். திராட்சை மாதிரி இருக்கறதுதான் லட்சணம்னு தலைவியம்மா சொல்லிட்டாங்க."

பூபதியின் மனைவி. நான் மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

"வெட்டிய பாசியை எதில் போடுவார்கள்?"

"பால் கவர்லதான். மேல நீட்டா வெட்டிக் கழுவிட்டா தண்ணி ஒழுகாது. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

எல்லாம் வரிசையில் வந்து நின்றது. பால் கவர் கொண்டுவந்தவர் பாசியை வெட்ட வந்தவர். அவர் குற்றவாளி இல்லை. குற்றவாளி, தன் முறை வந்தும் இரண்டு வாரம் வெட்டாமல் விட்டவர். பலகையில் கோடு இல்லாத வீடு.

முஹ்சின் இரண்டு கேன் கடல் தண்ணீர், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு, பச்சைக் கம்பளி உருண்டை போல ஒரு பாசி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மீன்களைக் காப்பாற்ற முன்னால் பறந்தான். நாங்கள் பின்தொடர்ந்தோம்.

பாலத்தின் நடுவில் ஜமுனா வண்டியை நிறுத்தினாள்.

"மாமா, அந்தப் பலகை போட்டோவ ஒருதரம் பாத்துட்டுப் போயிடலாம். பெருசு பண்ணிக் காட்டறேன்."

"தேவையில்லை. அதைப் பூபதியின் வாயாலேயே படிக்க வைக்கப்போகிறேன்."

"அதுக்கு முன்னாடி நீங்க படிச்சிட்டா நல்லது."

"பொது இடத்தில் என்னைத் திருத்தாதே."

"பாலத்து மேல யாரும் இல்லையே."

"ஏரி இருக்கிறது. வண்டியை எடு."

நாலு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. முஹ்சின் தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றியிருந்தான். நாற்பது மீன்களும் கீழே இறங்கி நீந்தின. நான் எழுந்து நின்று, கைக்குட்டையின் பச்சையில் ஆரம்பித்து, கவரின் வெட்டைக் காட்டி, பாசியின் ரோஷம் வரை வரிசையாகச் சொன்னேன். கலைவாணி பால் ஊற்றியதாகச் சொன்னவர்கள் அவரவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள்.

"பாசி புதராக வளர்ந்து கிடந்ததை யாருமே பார்க்கவில்லையா?" என்று கேட்டேன்.

"பாத்தேன்" என்றாள் பூபதியின் மனைவி. "ஆனா அது என் முறை இல்லியே. அடுத்தவங்க பாடு நாள்ல கை வெக்கலாமா? ஏரியில அப்படி வெச்சா கை இருக்குமா?"

பல தலைகள் ஆடின. மற்ற ஆறு வீட்டுப் பெண்களும் அதையேதான் செய்திருந்தார்கள். பார்த்தார்கள், தொடவில்லை.

"அது முறை. அதை நான் குறை சொல்லமாட்டேன்" என்றேன். "குறை வேறு இடத்தில். தன் பாடு வந்தும் வராத ஒரு வீடு இருக்கிறது. அந்த அலட்சியத்துக்கு இந்த ஊர் என் மருமகளைப் பலி கேட்டது. அந்த வீடு எத்தனை பெரிய வீடாக இருந்தாலும் இன்றைக்கு எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும்." பூபதியை நேராகப் பார்த்தேன். "பலகையைப் படி."

ஜமுனா இருமினாள். மறுபடி இருமினாள். மூன்றாவது இருமலுக்கு யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

பூபதி பலகைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தான். திரும்பினான். இத்தனை வருடத்தில் அவன் முகத்தில் எனக்காக வருத்தம் வந்தது அப்போதுதான்.

"சங்குண்ணே" என்றான்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் சங்கு ஒரே ஒரு வீட்டுக்குத்தான். என் தாத்தா வாங்கிய அடையாளம். என் வீட்டு நிலைக்கதவில் செதுக்கியிருக்கிறது.

காற்றுப் பம்பு மட்டும் கொப்பளித்தது.

"நான் மறந்துட்டேன்" என்று ஒரு குரல் வந்தது. கலைவாணி. "எங்க முறைதான். மறந்துபோச்சு. என் தப்பு."

பூபதி பெருமூச்சு விட்டான். "மறதினா பரவால்ல. மறதிக்குப் பேர அடிக்க மாட்டோம். ஏதோ சின்னதா அபராதம் போட்டு முடிச்சிக்கலாம்."

முடிந்துவிட்டது. எங்கள் பெயர் பட்டியலில் இருக்கும். லோகேஷுக்குப் பாடு இருக்கும். நான் உட்கார வேண்டியது மட்டும்தான் பாக்கி.

ஆனால் கவர் என் கையில் இருந்தது. நேராக வெட்டி, கழுவி, வியாழக்கிழமை வெட்டுக்குத் தயாராக இருந்த கவர். மறந்தவள் கவரைக் கழுவமாட்டாள்.

பதினாறு நாளுக்கு முன்னால் காட்டூரில் என் பங்காளி இறந்த அன்று, வீட்டு நடையில் நின்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது: தீட்டு கழியும்வரை இந்த வீட்டார் யாரும் பொதுத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. அந்தப் பங்காளியோடு நான் பதினொரு வருடமாகப் பேசியதில்லை. அதனால் தீட்டை இன்னும் கறாராகக் கடைப்பிடித்தேன்.

போன வியாழக்கிழமை மாலை, இதே கூடத்தில் நாலு பேரை உட்கார வைத்து, இந்தக் காலத்தில் முறைகளை யாரும் மதிப்பதில்லை என்று பேசிக்கொண்டிருந்தேன். வாசலுக்குக் கலைவாணி வந்தாள். முந்தானைக்குள் ஏதோ இருந்தது. என்னைப் பார்த்ததும் அதைத் தொட்டியை ஒட்டிய ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். பெரியவர்கள் இருக்கும் இடத்தில் நிற்கக் கூடாது என்று தெரிந்த பெண் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். நேற்றுக் கருமாதி முடிந்தது. இன்று காலை அவள் வெட்டியிருப்பாள். பாசி ஒரு ராத்திரி முந்திக்கொண்டது.

காலையில் கவர் யாருடையது என்று கேட்டபோது அவள் தரையைப் பார்த்ததற்குக் காரணம் அவளிடம் இல்லை. என்னிடம் இருந்தது.

"அவள் மறக்கவில்லை" என்றேன். "வெட்ட வந்தாள். தீட்டு என்று அவளைத் தடுத்து வைத்திருந்தவன் நான். எங்கள் பாடு அந்த நாட்களில் வருகிறதா என்றுகூட நான் கேட்கவில்லை. பதில் சொல்ல வேண்டியவன் எழுந்து நிற்க வேண்டும் என்று சொன்னேன். நின்றுகொண்டுதான் இருக்கிறேன். பூபதி, எழுதிக்கொள்."

"மாமா, வேணாம்" என்றாள் கலைவாணி.

"அவர் பழக்கம் அது, விடு" என்றாள் ஜமுனா அவளிடம். "நங்கூரம் தேடினாலும் கடைசிவரைக்கும் தோண்டுவாரு."

ஊர் அரை மணி நேரம் குழம்பியது. தீட்டைக் காத்தது குற்றம் என்றால் முறை போயிற்று. அடுத்தவர் முறையில் கை வைக்காதது குற்றம் என்றால் ஏரியே போயிற்று. முறைப்படி நடந்த எட்டு வீட்டுக்கும் எப்படித் தண்டனை எழுதுவது என்று பூபதி தலையைச் சொறிந்தான். கடைசியில் முஹ்சினைக் கேட்டார்கள்.

"பாசிக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்றான் அவன். "அதுக்கு வியாழக்கிழமை கத்தரி வரணும். யாரு கையில வந்தா இன்னா?"

அப்படியே தீர்ப்பானது. மீனுக்குப் பாடு உண்டு, பாசிக்குப் பாடு இல்லை. ஒரு வருடத்துக்கு வியாழக்கிழமைதோறும் பாசியை வெட்ட வேண்டியது துளசிங்கம், அவரே நேரில்.

வியாழக்கிழமை குப்பத்தில் பாதிப் பேருக்குக் கூடத்தில் ஏதோ வேலை இருந்தது. நான் சலவைச் சட்டையில் போனேன். கீழ்த்தொட்டியில் முஹ்சின் கொண்டுவந்த பாசி உருண்டை தண்ணீரின் ஓட்டத்தில் மெல்ல உருண்டுகொண்டிருந்தது. கலைவாணி நேராக வெட்டிக் கழுவிய பால் கவரைக் கொடுத்தாள். ஒரு முழங்கால், பிறகு இன்னொரு முழங்கால். இரண்டும் சத்தம் போட்டன. அறுபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக என் தலை மற்றவர்களின் இடுப்புக்குக் கீழே போனது.

என் சட்டைப் பையிலிருந்து ஏதோ நழுவித் தரையில் விழுந்தது.

ஜமுனா குனிந்து பார்த்தாள். "பயப்படாதீங்க மாமா. கௌரவம் கொட்டல. மூக்குக் கண்ணாடிதான்."

கலைவாணி அதை எடுத்து முந்தானையில் துடைத்து நீட்டினாள். கூடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாங்கி மாட்டிக்கொண்டேன். பாசி நல்ல பச்சையாக இருந்தது. மூன்றில் ஒரு பங்கை அளந்து கத்தரியை வைத்தேன்.